ஸ்டார்மா, தோஸ்தா?

சித்தப்பா பையன் துபாயிலேர்ந்து வந்து நாலு மாசம் ஆச்சு. கையில 4 லட்சம் இருக்கு. அதுல ஒரு வண்டி வாங்கணும், அந்த வண்டியே சோறு போடணும். இதுவரைக்கும் எங்களுக்குள்ள தகராறு இல்லை. எந்த வண்டிங்கறதுலதான் மூணு நாளா வீட்ல பேச்சுவார்த்தை கட்.

அவன் கேக்கறது சான் ஸ்டார்ம். தெரியாதவங்களுக்கு: கோவால செஞ்ச ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார், ஃபைபர் பாடி, ரெனோ எஞ்சின். சென்னையில ஒருத்தர் சிவப்பு கலர்ல ஒண்ணு விக்கிறார். அதை வாங்கி மாமல்லபுரம் பக்கம் கல்யாண ஜோடிங்க போட்டோ எடுக்க வாடகைக்கு விடறதா ஐயாவோட திட்டம்.

நான் சொல்றது பழைய தோஸ்த். 2011ல வந்த அசோக் லேலண்ட் வண்டி. ஒண்ணேகால் டன் ஏத்தலாம். நம்ம ஊர்க் கணக்குல சொன்னா, கொள்முதல் நிலையத்துக்குப் போற 40 கிலோ நெல் மூட்டை 30 தாராளமா ஏறும்.

இதுல காமெடி என்னன்னா, ஸ்போர்ட்ஸ் காருக்கு சுமார் 60 குதிரை, நெல் மூட்டை வண்டிக்கு 55 சொச்சம். அஞ்சு குதிரைக்காகவாடா இவ்ளோ அழும்பு!

சரி, சீரியஸா பேசுவோம். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விடறது சட்டப்படி தப்பு. எவனாவது கொண்டுபோய் இடிச்சா இன்ஷூரன்ஸ்காரங்க கையை விரிச்சுடுவாங்க. 15 வருஷம் தாண்டின வண்டி, ஆர்.சி. புதுப்பிச்சாலும் 5 வருஷத்துக்குத்தான். அந்தக் காரைச் செய்யறதையே நிறுத்தி வருஷக்கணக்காச்சு, கண்ணாடி உடைஞ்சா எங்க போய்த் தேட?

தோஸ்துக்கு மொத்த எடை 3,000 கிலோவுக்குள்ளங்கறதால பர்மிட் வேண்டாம். சாதா கார் லைசென்ஸே போதும்னு சுப்ரீம் கோர்ட் 2017ல சொன்னதை, 2024 நவம்பர்ல அஞ்சு நீதிபதிங்க உறுதி பண்ணிட்டாங்க. தொல்லை இல்லாம இல்லை. எட்டு வருஷம் தாண்டின வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. காட்டணும். கடலோரம் மீன் லோடு அடிச்ச வண்டியா இருந்தா ஐஸ் தண்ணி உப்போட வழிஞ்சு சேசிஸை அரிச்சிருக்கும், குனிஞ்சு அடியில பார்க்கணும். பின்னாடி ஸ்பிரிங் பட்டை ஒண்ணு கூடுதலா இருந்தா ஓவர்லோடு அடிச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

இன்னொண்ணு. அந்த ஸ்டார்முக்கு சைலன்ஸரை மாத்தி வச்சிருக்காங்க, ஸ்டார்ட் பண்ணாலே காது கிழியுது. எங்க ஊர்ல பறவைங்க பயந்துடும்னு தீபாவளிக்கே வெடி வெடிக்க மாட்டோம். 1798லயே கலெக்டர் பிளேஸ் துரைகிட்ட ஏரிப் பறவைகளைக் காக்கற உரிமையை எழுதி வாங்கின ஊரு. நவம்பர்ல நாரைங்க வந்து இறங்கறப்போ இவன் டர்ர்ர்ருனு உள்ள வந்தா, போலீஸுக்கு முன்னாடி ஊர்ப் பெருசுங்களே சாவியைப் பிடுங்கிடுவாங்க.

பொய் சொல்ல மாட்டேன், நானும் ஏறிப் பார்த்தேன். கோவளம் தாண்டி கூரையைக் கழட்டிட்டு, தரையோட தரையா உக்காந்து, உப்புக் காத்து மூஞ்சில அடிக்கப் போனப்போ நாப்பத்தஞ்சு வயசு மறந்து போச்சு. திரும்பி வந்ததும் சித்தி கேட்டது ஒரே கேள்வி: "இதுல நான் எங்கடா உக்கார்றது?"

அவன் சித்திக்குப் பதில் சொல்லலை. என்கிட்ட தனியா சொன்னான். "எட்டு வருஷம் அங்க பிக்கப்தான்ணே ஓட்டினேன். இங்க வந்தும் அதேதானா?"

இதுக்கு என்கிட்ட பதில் இல்லை மக்களே. எஃப்.சி., பர்மிட்டுன்னு அவ்ளோ பேசினவன் வாயை மூடிக்கிட்டேன். ஆனாலும் தோஸ்துதான்னு சொல்றேன். 4 லட்சம்தான் இருக்கு, இன்னொரு 4 லட்சத்துக்கு அவன் திரும்ப விமானம் ஏறணும்.

ஞாயித்துக்கிழமை மதுராந்தகத்துல ஒரு தோஸ்த் பார்க்கப் போறோம். "சும்மா பார்க்கத்தான் வரேன்"னு சொல்லியிருக்கான். ஸ்டார்ம் ஓனர் திங்கட்கிழமைக்குள்ள அட்வான்ஸ் கேக்கறார்.

டிஸ்கி: ஸ்டார்ம் வச்சிருந்த புண்ணியவான் யாராவது இருந்தா, ஸ்பேர் பார்ட்ஸுக்கு எவ்ளோ அலைஞ்சீங்கன்னு பின்னூட்டத்துல கொட்டுங்க. சுலபமா கிடைச்சுதுன்னா மட்டும் தனிமடல் ப்ளீஸ், அவனும் இதைப் படிக்கிறான் :-)