மேலே ஏறுபவருக்குச் சதுரக் கணக்கு வேண்டாம்

ஷெட் கூரை வேலையில் கூலி, பயிற்சி, குழு உறவு குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் ஷெட் கூரை வேலை எடுக்கும் ஒப்பந்ததாரர்களும் மேஸ்திரிகளும் தொழிலாளர்களும் சேர்ந்து உறுப்பினராக இருக்கும் சங்கம் எங்களுடையது. கூரை மேல் ஏறிச் செய்யும் எந்த வேலைக்கும் சதுரக் கணக்கில் கூலி பேசக் கூடாது, நாள் சம்பளம்தான் தர வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. உறுப்பினர் எல்லோருக்கும் இதில் முழுச் சம்மதம் இல்லை. நீண்ட விவாதத்துக்குப் பிறகு பெரும்பான்மையோர் ஏற்றுக்கொண்ட முடிவு இது. பனியன் கம்பெனி, நூற்பாலை, குடோன், கோழிப்பண்ணை என்று எங்களிடம் கூரை போடக் கொடுப்பவர்களும், இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் இளைஞர்களும் இதன் காரணங்களை அறிய வேண்டும் என்பதற்காக இந்த அறிக்கையை வெளியிடுகிறோம்.

நூறு சதுர அடி ஒரு சதுரம். சப் காண்ட்ராக்ட் எடுத்தவர் சதுரத்துக்கு இவ்வளவு என்று மேஸ்திரியிடம் பேசுகிறார். மேஸ்திரி ஆள் பிடிக்கிறார். எத்தனை சதுரம் ஷீட் ஏறியதோ அத்தனைக்குத்தான் காசு. கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டமான டிரஸ்ஸில் உயிர்க்கயிறு இழுத்துக் கட்டும் நேரத்துக்குக் காசு கிடையாது. காற்று தணியட்டும் என்று உட்கார்ந்திருந்தால் அதற்கும் கிடையாது. புதுப் பையனுக்கு ஸ்க்ரூ போடச் சொல்லிக் கொடுத்தால் அந்த நேரமும் நஷ்டம். பெல்ட் பல சைட்டுகளில் இருக்கிறது, ஐ.எஸ். 3521 தரத்தில் முழு உடல் பெல்ட்டே வாங்கி வைத்திருக்கிறார்கள். கொக்கியை மாட்டத்தான் கம்பி இருக்காது. பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, கொக்கியைத் தோளில் போட்டபடி, ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லின் மேல் நடக்கிறார்கள். கீழே நிற்கும் சூப்பர்வைசர் கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரிகிறது. இந்த நிலையில் விழுந்தவர் மேலேயே குற்றம் சொல்வது நியாயமில்லை.

கைத்திறன் குறைந்து வருவதற்கும் இந்தக் கணக்குதான் காரணம் என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம். ஷீட்டை எந்தக் கோடியிலிருந்து போட ஆரம்பிப்பது என்பது முதல் பாடம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று அடிக்கும் ஊர் நம்முடையது. முகடு கிழக்கு மேற்காக ஓடும் ஷெட்டில் கிழக்குக் கோடியில் தொடங்கி மேற்கு நோக்கிப் போக வேண்டும். அப்போதுதான் ஒரு ஷீட் இன்னொன்றின் மேல் ஏறும் விளிம்பு காற்றுக்கு முதுகு காட்டி இருக்கும். மாற்றிப் போட்டால் சாரல் உள்ளே ஏறும். பெருங்காற்றில் அந்த விளிம்புதான் முதலில் கிளம்பும். அடுத்தது ஸ்க்ரூ. செங்குத்தாக இறங்க வேண்டும், ரப்பர் வாஷர் லேசாகப் பிதுங்கியதும் கையை எடுத்துவிட வேண்டும். இன்னும் ஒரு சுற்று முறுக்கினால் வாஷர் நசுங்கி, சில கோடைகளுக்குள் வெடித்து ஒழுக ஆரம்பித்துவிடும். பிறகு, துளையிடும்போது உதிரும் இரும்புத் துருவல். அதை அன்றன்றே மெல்லிய துடைப்பத்தால் கூட்டித் தள்ளாவிட்டால் முதல் மழையிலேயே துருப்பிடித்து, பெயின்ட்டைத் தின்று, புது ஷீட்டில் செம்புள்ளி விழும். சதுரக் கணக்கில் வேலை செய்பவர் கூட்டுவதில்லை. கூட்டும் நேரத்தில் இன்னொரு ஷீட் ஏற்றிவிடலாமே!

இவற்றை எந்தப் புத்தகத்திலும் படித்து யாரும் கற்கவில்லை. நல்ல மேஸ்திரி ஒருவரிடம் ஒட்டி நின்று, அவர் கை எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பார்த்து வருவது இந்த வேலை. பார்க்க நேரம் வேண்டும், கேட்டால் எரிந்து விழாத மேஸ்திரியும் வேண்டும்.

புதுக் கூரையைவிடப் பழைய கூரையில் ரிப்பேர் பார்ப்பதே எங்களுக்குப் பயம் தருவது. 'ஒரு இடத்துல ஒழுகுது, ஒரே ஒரு ஷீட் மாத்தணும்' என்று போன் வரும். இரண்டு பேர் ஏணியோடு போவார்கள். வெளிச்சத்துக்காக நடுநடுவே போட்டிருக்கும் ஃபைபர் ஷீட் ஆள் கனம் தாங்காது. புதிதில் அது தனியாகத் தெரியும். பஞ்சும் தூசியும் படிந்த மில் கூரையில் மற்ற ஷீட்டைப் போலவே இருக்கும். பழைய சிமெண்ட் ஷீட்டோ வெயிலிலும் மழையிலும் கிடந்து உளுத்துப்போயிருக்கும், மேலே பார்த்தால் தெரியாது. ஸ்க்ரூவோ ஜே ஹூக்கோ ஓடும் வரிசைக்கு அடியில்தான் பர்லின் இருக்கிறது. கால் வைக்கும் இடம் அது மட்டுமே, அங்கேயும் பலகை போட்டுத்தான் நடக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் உடைத்துத் தள்ளக் கூடாது, கிரைண்டரால் அறுக்கவே கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து, நட்டைக் கழற்றி, முழுசாக இறக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸில் எல்லா வகையும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. அந்தத் தூசி நோயாக வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகும். அதற்குள் வேலை கொடுத்தவர் யார், எந்த சைட் என்பதெல்லாம் மறந்தே போயிருக்கும்.

இப்போது எங்கள் சைட்டுகளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்த இளைஞர்கள் நிறையப் பேர். குழு மாதத்துக்கு மாதம் கலைகிறது. மேலே ஷீட்டைப் பிடிப்பவருக்கும் கீழே கயிறு விடுபவருக்கும் ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரிவதில்லை. பதினாறு அடி ஷீட் காற்று வாங்கும்போது ஒரே சொல்லில் அவர் நிற்க வேண்டும், இவர் விட வேண்டும். 'ருக்கோ' என்று நம் மேஸ்திரிக்கும், 'நில்லுங்க' என்று பீகார்ப் பையனுக்கும் யோசிக்காமல் வாயில் வர வேண்டும். அது ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு, ஒன்றாக வேலை செய்து வருகிற பழக்கம். யாரையும் 'வடக்கன்' என்று கூப்பிடுவதை எங்கள் சங்கம் ஏற்காது. அவருக்குப் பெயர் இருக்கிறது. பெயர் தெரியாதவரிடம் உயிரை ஒப்படைத்துவிட்டு யாரும் மேலே ஏற வேண்டாம்.

குழு நிலைக்க வேண்டும் என்றதும் சிலர் அட்வான்ஸைச் சொல்கிறார்கள். ஆயிரக்கணக்கில் முன்பணம் கொடுத்து, கழியும்வரை ஆளை வைத்திருப்பது குழுவாகாது. கடனுக்காக நிற்பவர் மேஸ்திரியிடம் எதையும் எதிர்த்துச் சொல்ல மாட்டார், கூரை மேல் அதைவிட ஆபத்து வேறில்லை. "அண்ணா, காத்து ஜாஸ்தியா இருக்குதுங்க, இன்னைக்கு வேண்டாங்க" என்று இருப்பவரில் சின்னவன் சொன்னாலும் மேஸ்திரி ஷீட்டைக் கீழே வைக்க வேண்டும். அன்றைய சம்பளம் ஒரு ரூபாயும் குறையக் கூடாது. சதுரக் கணக்கில் இந்த வாக்கியத்தைச் சொல்பவன் கூட வேலை செய்யும் நான்கு பேரின் அன்றைய வருமானத்தில் கை வைக்கிறான். அதனால்தான் வாயை மூடிக்கொள்கிறான். நாள் சம்பளம் என்றால் அவன் தைரியமாகப் பேசுவான்.

சட்டம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். 1996-இல் வந்த கட்டடத் தொழிலாளர் சட்டம் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்குத்தான் பொருந்தும் என்று வரம்பு வைத்தது. 2020-இன் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அந்தப் பத்தை விட்டுக் கீழே இறங்கவில்லை. ரிப்பேருக்கு ஏணியோடு போகும் இரண்டு பேர் இதில் எங்கே வருவார்கள்? 1994 முதல் இயங்கும் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிந்துகொள்ள அந்தச் சிறு குழுவினருக்கும் வழி இருக்கிறது. தம்மிடம் வேலை செய்யும் ஒவ்வொருவரையும், வெளிமாநிலத்தவர் உட்பட, பதிய வைப்பது எங்கள் உறுப்பினர்களின் கடமை.

எதிர்ப்பு தொழிலாளர்களிடமிருந்தே வருகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. கை வேகமுள்ளவருக்குச் சதுரக் கணக்கில் கூடுதலாகக் கிடைக்கிறது; ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியவருக்கு அது பெரிய விஷயம். ஆகவே அவர் சராசரியாக ஒரு நாளில் சம்பாதித்ததற்குக் குறையாமல் நாள் சம்பளத்தை வைக்க வேண்டும், கற்றுக்கொடுக்கும் மூத்தவருக்கு அதற்கென்று தனியாகச் சேர்த்துத் தர வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். நாள் சம்பளம் என்றால் ஆட்கள் மெதுவாகச் செய்வார்கள் என்பது ஒப்பந்ததாரர்களின் கவலை. ஒழுகலுக்காகத் திரும்பத் திரும்ப அதே கூரைக்கு ஆள் அனுப்பும் செலவை அவர்கள் இந்தக் கணக்கில் சேர்த்துப் பார்க்கட்டும். தரையில் நடக்கும் வெல்டிங், கட்டிங் வேலைகள் கிலோ கணக்கிலேயே தொடரலாம். அதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. கீழே சாமான் எடுத்துக் கொடுப்பதோடு நிறுத்தப்படும் பெண்கள் விரும்பினால் ஸ்க்ரூ கன் அவர்கள் கைக்கும் போக வேண்டும், பயிற்சி நாட்களுக்கும் முழுச் சம்பளத்தோடு.

கூரை போடக் கொடுப்பவர்களிடம் எங்கள் வேண்டுகோள் இரண்டு. திறப்பு விழாவுக்கு முகூர்த்தம் குறித்துவிட்டு, மற்ற வேலையெல்லாம் இழுத்த இழுப்பில் மிஞ்சிய நாட்களைக் கூரைக்கு ஒதுக்காதீர்கள். கொட்டேஷனில் உயிர்க்கயிறு, பலகை, சாரம் ஆகியவற்றுக்குத் தனி வரி இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லாத கொட்டேஷன் ஏன் மலிவாக இருக்கிறது என்று கேளுங்கள்.

வரும் தை முதல் எங்கள் உறுப்பினர்கள் தரும் எல்லாக் கொட்டேஷனிலும் அந்த வரி இருக்கும், மேல் வேலைக்கான கூலி நாள் கணக்கில் இருக்கும். சதுரக் கணக்கில் மட்டுமே தருவோம் என்பவர்களின் வேலையை எங்கள் உறுப்பினர்கள் எடுக்க மாட்டார்கள்.