அறுபது பாயின்ட் தோல்விக்குப் பிறகு

2016 மார்ச் மாதம். அமெரிக்கக் கல்லூரிப் பெண்களுக்கான கூடைப்பந்துப் போட்டியில் ஒரு நாக் அவுட் ஆட்டம். ஒரு பக்கம் கனெக்டிகட் பல்கலைக்கழகம், எதிரில் மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழகம். ஆட்டம் முடிந்தபோது ஸ்கோர் போர்டில் இருந்தது 98-38. வித்தியாசம் சரியாக 60 பாயின்ட்.

கூடைப்பந்து அதிகம் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. மொத்தமே 40 நிமிட ஆட்டம். ஒரு கூடை போட்டால் 2 பாயின்ட், தூரத்துக் கோட்டுக்கு வெளியிலிருந்து போட்டால் 3. கிரிக்கெட்டில் ஓர் அணி 300 அடித்து, எதிரணி 100-ஐக்கூடத் தொடாமல் சுருண்டால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு தோல்வி அது.

அந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு பாஸ்டன் நகரத்து மூத்த விளையாட்டுப் பத்திரிகையாளர் ஒருவர், இந்த அணி பெண்கள் கூடைப்பந்தையே கொன்றுகொண்டிருக்கிறது, இதை யார் பார்ப்பார்கள் என்று எழுதினார். கனெக்டிகட்டின் பயிற்சியாளர் ஜீனோ ஆரியம்மா அசரவில்லை. பிடிக்கவில்லை என்றால் பார்க்காதீர்கள் என்றார். டைகர் உட்ஸ் ஜெயித்துக்கொண்டே இருந்தபோது கோல்ஃப் செத்தா போனது, மற்றவர்கள்தானே தங்களை உயர்த்திக்கொண்டார்கள் என்பது அவருடைய வாதம்.

இரண்டு பேர் சொன்னதில் யார் பக்கம் நியாயம் என்பதற்கு ஒரே வருடத்தில் பதில் வந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால், அந்த அணி எவ்வளவு பெரிய மலை என்று பார்த்துவிடுவோம்.

ஒரு தோல்விகூட இல்லாத ஏழு வருடங்கள்

அமெரிக்காவில் கல்லூரி அணிகள் 'கான்ஃபரன்ஸ்' என்று சொல்லப்படும் குழுக்களாகப் பிரிந்து ஆடுகின்றன. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஒரு பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கும் கல்லூரிகள் தங்களுக்குள் மோதிக்கொள்வது மாதிரி. அங்கே பல்கலைக்கழகங்களே அப்படிக் கூட்டு சேர்ந்துகொள்கின்றன. முதலில் குழுவுக்குள் ஆட்டம், அதன்பிறகு தேசியப் போட்டி.

கனெக்டிகட் பெண்கள் 2013 முதல் 2020 வரை ஏழு சீசன்கள் அமெரிக்கன் அத்லெடிக் கான்ஃபரன்ஸில் ஆடினார்கள். அந்தக் குழுவைச் சேர்ந்த அணிகளுடன் மொத்தம் 139 ஆட்டங்கள். வெற்றி 139, தோல்வி பூஜ்யம். இதே காலத்தில் 2013 முதல் 2016 வரை வரிசையாக நான்கு தேசியப் பட்டங்கள். 2014 நவம்பரில் ஸ்டான்ஃபோர்டிடம் தோற்றதற்குப் பிறகு, யாரிடமும் தோற்காமல் 111 ஆட்டங்களைத் தொடர்ந்து ஜெயித்தார்கள்.

இந்த மலை ஒரே ராத்திரியில் முளைத்துவிடவில்லை. இத்தாலியில் பிறந்து சிறுவயதில் பெற்றோருடன் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஆரியம்மா, 1985-ல் பொறுப்பேற்றபோது அது அடையாளமே இல்லாத அணி. அதுவரையிலான அதன் வரலாற்றில், தோல்வியைவிட வெற்றி அதிகமாக இருந்த சீசன் ஒன்றே ஒன்றுதான். முதல் தேசியப் பட்டம் வர 1995 ஆனது. பத்து வருடக் காத்திருப்பு! அன்று அவருடன் சேர்ந்த துணைப் பயிற்சியாளர் கிறிஸ் டெய்லியும் நாற்பது வருடங்களாக அவர் கூடவே இருக்கிறார். கோச்சை வருடா வருடம் மாற்றிக்கொண்டிருந்தால் இது நடந்திருக்குமா?

இன்னொரு விஷயம். அமெரிக்காவில் பல பெண்கள் அணிகளைப் போலவே இவர்களும் பயிற்சியின்போது ஆண் மாணவர்களை எதிரணியாக நிறுத்தி ஆடுகிறார்கள். தங்களைவிட உயரமும் வேகமும் உள்ளவர்களோடு தினம் மோதிப் பழகியவர்களுக்குப் போட்டி நாள் கொஞ்சம் இலகுவாகத்தானே இருக்கும்?

மலையை உடைத்த சின்னப் பெண்

2017 மார்ச் 31. தேசிய அரையிறுதி. 111 வெற்றிகளோடு வந்த கனெக்டிகட்டுக்கு எதிரே நின்றது, ஒரு வருடம் முன்பு 60 பாயின்ட்டில் தோற்ற அதே மிசிசிப்பி ஸ்டேட்.

ஆட்டம் சமனில் முடிந்து கூடுதல் நேரத்துக்குப் போனது. அதிலும் 64-64. கடைசி நொடிகளில் பந்து மோர்கன் வில்லியம் கைக்கு வந்தது. அவருடைய உயரம் சுமார் 165 சென்டிமீட்டர். நம் வீட்டுப் பெண்களின் உயரம்தான். ஆனால் கூடைப்பந்து மைதானத்தில் அது குள்ளம். உயரமான தடுப்பாளரின் கைக்கு மேலாக அவர் எறிந்த பந்து, நேரம் முடிந்ததற்கான ஒலி எழும்போதே வலைக்குள் விழுந்தது. 66-64.

இறுதிப்போட்டியில் மிசிசிப்பி ஸ்டேட் ஜெயிக்கவில்லை. சவுத் கரோலினாவிடம் 67-55 என்று தோற்றது. ஆனால் அந்த அரையிறுதியை யாரும் மறக்கவில்லை. அன்று கோப்பையைத் தூக்கிய சவுத் கரோலினா, டான் ஸ்டேலி என்ற பயிற்சியாளரின் கீழ் அடுத்த மலையாக வளர்ந்தது. 2022, 2024 என்று மேலும் இரண்டு பட்டங்கள். 2023-24 சீசனில் 38 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. கனெக்டிகட்டும் சும்மா இருக்கவில்லை. 2025 ஏப்ரலில் அதே சவுத் கரோலினாவை 82-59 என்று வீழ்த்தித் தன் 12-வது பட்டத்தை வாங்கிக்கொண்டது.

பலமான ஓர் அணி விளையாட்டைக் கொன்றுவிடவில்லை. எட்டிப்பிடிக்க வேண்டிய உயரம் எது என்று மற்றவர்களுக்குக் காட்டியது.

புதுக்கோட்டைக்கு இதில் என்ன?

இருக்கிறது. நம் மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரிகள் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் குடையின் கீழ் வருகின்றன. கல்லூரி அணியில் நன்றாக ஆடும் மாணவி பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகலாம். அங்கிருந்து தென் மண்டலப் போட்டி. நாடு முழுக்க நான்கு மண்டலங்கள். ஒவ்வொன்றிலும் முதல் நான்கு இடம் பிடிக்கும் அணிகள் அகில இந்தியப் போட்டிக்குப் போகும். இதுதான் ஏணி. ஒவ்வொரு படியிலும் ஒரு மலை உட்கார்ந்திருக்கும்.

ஒரு மாணவியை நினைத்துப் பாருங்கள். ஆலங்குடிப் பக்கத்திலிருந்தோ அறந்தாங்கிப் பக்கத்திலிருந்தோ தினம் பஸ் ஏறிக் கல்லூரிக்கு வருகிறாள். சாயந்திரம் கடைசி வகுப்பு முடிந்து ஊர் பஸ்ஸைப் பிடிப்பதற்குள் கிடைக்கும் நேரம்தான் பயிற்சி. சிமென்ட் தரை மைதானம். மழை வந்தால் அன்றைக்கு விடுமுறை. இவள் போட்டியில் சந்திக்கும் எதிரணியோ, விளையாட்டு ஒதுக்கீட்டில் பல ஊர்களிலிருந்து பொறுக்கி எடுத்த பெண்கள். விடுதி, சத்தான சாப்பாடு, கூரை போட்ட மைதானம், காலையும் மாலையும் பயிற்சி. ஸ்கோர் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

அந்தத் தோல்விக்குப் பிறகு வீட்டில் என்ன பேச்சு நடக்கும்? "இதுக்குத்தான் வெயில்ல கருத்துப்போய் ஓடினியா? பேசாம பரீட்சைக்குப் படி." பல பெண்களின் ஆட்டம் முடிவது மைதானத்தில் இல்லை, இந்த வாக்கியத்தில்தான்.

அப்படிச் சொல்லும் அப்பா அம்மாவைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. அவர்கள் கேட்பது ஒரே கேள்வி: விளையாடி என்ன ஆகப்போகிறது? அந்தக் கேள்விக்கு நம் நாட்டிலேயே ஒரு பதில் இருக்கிறது. இந்தியப் பெண்கள் கூடைப்பந்தின் கனெக்டிகட் யார் தெரியுமா? ரயில்வே அணிதான். தேசிய சாம்பியன்ஷிப் பட்டத்தைப் பல வருடங்களாக ஏறக்குறைய தன் சொத்தாகவே வைத்திருக்கும் அணி. காரணம் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. வேலை! நன்றாக ஆடும் பெண்ணுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலை கொடுக்கிறது. மாதச் சம்பளம் வரும் பெண்ணிடம் 'எதுக்கு ஓடுற' என்று யாரும் கேட்பதில்லை. அதனால் இருபது வயதில் நின்றுபோகவேண்டிய ஆட்டம் முப்பது தாண்டியும் தொடர்கிறது.

கேரளத்தின் கீது அன்னா ஜோஸ் சங்கனாச்சேரியில் ஒரு பெண்கள் கல்லூரியில், அசம்ப்ஷன் கல்லூரியில், படித்தவர். பிறகு சென்னையில் தெற்கு ரயில்வேக்கு ஆடினார். ஆஸ்திரேலிய கிளப்பில் ஆடினார். 2011-ல் அமெரிக்கத் தொழில்முறை லீக் அணிகளின் தேர்வுக்கு அழைக்கப்பட்டார். நம் சென்னைப் பெண் அனிதா பால்துரையும் தெற்கு ரயில்வே ஊழியர்தான். 19 வயதில் இந்திய அணிக்குக் கேப்டன். 2017-ல் பெங்களூருவில் நடந்த ஆசியக் கோப்பை பி பிரிவு இறுதிப்போட்டியில் கஜகஸ்தானை 75-73 என்று இந்தியா வென்றபோதும் அணியில் இருந்தவர் அவர். 2021-ல் பத்மஸ்ரீ வந்தது.

தமிழக அரசு வேலைகளிலும் சாதித்த விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகித ஒதுக்கீடு இருக்கிறது. எல்லோருக்கும் கிடைத்துவிடாது, உண்மை. ஆனால் அப்படி ஒரு கதவு இருப்பதே பல வீடுகளுக்குத் தெரியாது. எந்தப் போட்டியின் சான்றிதழ் எதற்குச் செல்லும் என்பதைக் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநரிடமோ மாவட்ட விளையாட்டு அலுவலகத்திலோ முதல் வருடத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வருடம் கேட்டால், சேர்த்து வைக்காத சான்றிதழுக்கு எங்கே போவது?

இந்த மண்ணுக்குப் புதிது இல்லை

பெண்கள் புதிதாக ஒன்றைத் தொடங்கும்போது ஊர் சிரிப்பதும், பிறகு ஊரே அதைப் பின்பற்றுவதும் புதுக்கோட்டைக்குப் பழகிய கதை. இங்கே பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, மகாராஜா கல்லூரியில் சேர்ந்த முதல் பெண். அன்று அதற்கு எழுந்த எதிர்ப்பு கொஞ்சமா நஞ்சமா? 1912-ல் அவர் டாக்டராகி வெளியே வந்தார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம். அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். கல்குவாரியில் வேலை பார்த்த பெண்கள், வயல் வேலைக்குப் போன பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் சைக்கிள் பழகினார்கள். கேலி பேசியவர்கள் இருந்தார்கள். முட்டி பெயர்ந்து விழுந்தவர்களும் எழுந்து ஓட்டினார்கள். தண்ணீர்க் குடத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு, பிள்ளையை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு போனார்கள். இன்று கல்லூரியில் இருக்கும் பெண்களில் பலருடைய பாட்டி அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கலாம். கேட்டுப் பாருங்கள், கதை கிடைக்கும்.

கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜனையும் மறக்க முடியாது. செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனையைக் காரணம் காட்டி அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவரோ பிறகு பயிற்சியாளராகி அடுத்த தலைமுறையை ஓடவைத்தார். 60 பாயின்ட் தோல்வியைவிடப் பெரிய அடி அது. அதிலிருந்தே ஒருவர் மைதானத்துக்குத் திரும்பிய மாவட்டம் இது.

செலவில்லாத சில காரியங்கள்

கல்லூரிகள் செய்யக்கூடியது: பெண்கள் அணிக்கு வாரம் இரண்டு நாளாவது தங்களைவிட பலமான அணியோடு பயிற்சி ஆட்டம். பக்கத்துக் கல்லூரி ஆண்கள் அணியாக இருந்தாலும் சரி, மாவட்டத்தின் பழைய வீராங்கனைகளாக இருந்தாலும் சரி. பலசாலியோடு மோதும் முதல் நாள், போட்டி நாளாக இருக்கக் கூடாது.

பழைய மாணவிகள் செய்யக்கூடியது: போட்டி நடக்கும் நாளில் மைதானத்துக்குப் போய் அரை மணி நேரம் உட்காருவது. ஆண்கள் இறுதிப்போட்டிக்குக் கூடுகிற கூட்டத்தில் பாதி பெண்கள் ஆட்டத்துக்கு வந்தாலே, ஆடுகிற பெண்ணின் நடையே மாறிவிடும்.

பெற்றோர் செய்யக்கூடியது இன்னும் சுலபம். மகள் தோற்றுவிட்டு முகம் வாடி வீட்டுக்கு வருகிற அன்று, எத்தனை பாயின்ட் வித்தியாசம் என்று கேட்க வேண்டாம். அது அவளுக்கே மனப்பாடம். தட்டில் சோறு போட்டுக்கொண்டே, "நாளைக்கு பிராக்டிஸ் எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேளுங்கள்.