முருங்கைக்கு லத்தீன் பெயர் எதற்கு?



நேற்று நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. "நம் மூலிகைகளுக்கு வெள்ளைக்காரன் வைத்த லத்தீன் பெயர் எதற்கு? அது அடிமைப் புத்தி. பாடப்புத்தகத்திலிருந்து தூக்கி எறிய வேண்டும்" என்று. கீழே வரிசையாகக் கைதட்டல். மாலைக்குள் அதே செய்தி பழைய மாணவர்கள் குழுவிலும் வந்துவிட்டது. கைதட்டியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நம் மாநில மலர் செங்காந்தள். அதையே கார்த்திகைப்பூ என்பார்கள், கண்வலிக்கிழங்கு என்பார்கள், கலப்பைக்கிழங்கு என்பார்கள். ஒரே செடிக்கு ஊருக்கொரு பெயர். அதன் கிழங்கில் கால்சிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. தின்றால் உயிர் போகும். கண்வலி என்று பெயரில் இருப்பதால் கண்ணுக்கு மருந்து என்று ஒருவர் நினைத்துவிட்டால் என்ன ஆகும்? 'குளோரியோசா சுபெர்பா' என்று எழுதினால் மதுரை மருத்துவருக்கும் தெரியும், ஜப்பான் மருத்துவருக்கும் தெரியும்.

இதற்கு நேர்மாறும் உண்டு. நாம் பிரம்மி என்றால் நீர்ப்பிரம்மி. வடக்கே சில இடங்களில் நம் வல்லாரையையும் பிராமி என்கிறார்கள். இரண்டும் வேறு வேறு குடும்பச் செடிகள். பெயரை மட்டும் நம்பிப் பொடி வாங்கினால் கைக்கு வருவது எது? 'பகோபா மொன்னியேரி', 'சென்டெல்லா ஆசியாட்டிகா' என்று பொட்டலத்தில் அச்சிட்டிருந்தால் அந்தக் குழப்பமே இல்லை.

சரி, அது வெள்ளைக்காரன் பெயர்தானா? முருங்கையின் அறிவியல் பெயர் மொரிங்கா ஓலிஃபெரா. மொரிங்கா எங்கிருந்து வந்தது? நம் முருங்கையிலிருந்துதான். ஆடாதோடை, ஜஸ்டிசியா அதாதோடா. முன்பாதி ஸ்காட்லாந்துத் தோட்டக்காரர் ஒருவரின் பெயர். பின்பாதி நம் பக்கத்திலும் இலங்கையிலும் வழங்கிய பெயர். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் நூலுக்குச் செடிகளைச் சொல்லிக் கொடுத்தவர்களில் ஒருவர் கேரளத்து வைத்தியர் இட்டி அச்சுதன். 1753இல் செடிகளுக்கு இரட்டைப் பெயர் வைத்துப் புத்தகம் போட்ட லின்னேயஸ் அந்த நூலையும் பார்த்துத்தான் எழுதினார். நம் முன்னோர் அறிவு கலந்த ஒன்றை அந்நியம் என்று தள்ளுவது அவர்களையே தள்ளுவதுதான்.

அந்தப் பெயர்களில் அநியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. காட்டைக் காட்டிக் கொடுத்தவன் பெயர் மறைந்துபோய், அதிகாரியின் பெயர் செடியில் ஏறியதும் உண்டு. ஆனால் அதைத் திருத்தவும் வழி இருக்கிறது. ஆப்பிரிக்க மக்களை இழிவுபடுத்தும் ஒரு சொல் 200க்கும் மேற்பட்ட தாவரப் பெயர்களில் இருந்தது. 2024இல் மாட்ரிட்டில் கூடிய உலகத் தாவரவியலாளர்கள் ஓட்டெடுத்து அதை மாற்றினார்கள். கூரை ஒழுகினால் ஓட்டை மாற்றுவோம்; வீட்டை இடிப்போமா?

இப்போது என் தவற்றைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் வகுப்பில் ஒரு பையன், "சார், கத்தரிக்காய்னு சொன்னா எல்லாருக்கும் தெரியுமே, இந்தப் பேரு எதுக்கு சார்?" என்று கேட்டான். "பரீட்சைக்கு வரும், மனப்பாடம் பண்ணு, உட்காரு" என்றேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் அதற்குப் பிறகு கேள்வியே கேட்கவில்லை.

தம்பி, இதை நீ படித்தால், அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். கத்தரி சோலானம் மெலாஞ்சினா. உருளை சோலானம் டியூபரோசம். தக்காளி சோலானம் லைகோபெர்சிகம். சுண்டை சோலானம் டார்வம். முதல் பெயர் ஒன்றாக இருக்கிறது பார். நாலும் பங்காளிகள்! நம் சாம்பாருக்குள் ஒரு குடும்பமே கிடக்கிறது. பூவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உனக்கே தெரியும். பெயர் என்பது வெறும் பெயர் இல்லை, உறவுமுறை.

இதைச் சொல்லாமல் எழுத்துக்கூட்டச் சொல்லி ஒரு மதிப்பெண் போட்டோம். பிள்ளைகள் வெறுத்தார்கள். இன்றைக்கு அந்த வெறுப்புதான் வாட்ஸ்அப்பில் கைதட்டுகிறது. அதில் என் பங்கும் இருக்கிறது.

தமிழ்ப் பெயரை அழிப்பது லத்தீன் அல்ல, நாம்தான். உங்கள் பேரப்பிள்ளையை வாசலுக்குக் கூட்டிப்போய் ஐந்து செடிக்குப் பெயர் கேளுங்கள். குப்பைமேனி, கீழாநெல்லி, தும்பை தெரிகிறதா? தெரியாவிட்டால் யாரைக் குறை சொல்வது?

ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளை மரத்தடிக்கு அழைத்துப் போங்கள். ஊர்ப் பெயர், தமிழ்ப் பெயர், அறிவியல் பெயர் மூன்றையும் ஒரு அட்டையில் எழுதி மாட்டச் சொல்லுங்கள். எதற்கு என்று கேட்கிற பிள்ளையை மட்டும் உட்காரச் சொல்லிவிடாதீர்கள்.

நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள். இந்த முறை பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்