1929இன் இரண்டு காகிதங்கள்

1929ஆம் வருடம் தமிழ்நாட்டில் இரண்டு காகிதங்கள் எழுதப்பட்டன.

ஒன்று, குத்தகைப் பத்திரம். சிங்கம்பட்டி ஜமீன் தன் காட்டில் 8,373 ஏக்கரைப் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 வருடங்களுக்கு எழுதிக்கொடுத்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று நாம் இன்று சொல்லும் எஸ்டேட்டுகள் அந்தப் பத்திரத்திலிருந்து முளைத்தவை. இன்னொன்று, ஒரு தீர்மானம். அதே வருடம் பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கும் ஆணுக்குச் சமமாகச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது.

முதல் காகிதத்தின் பின்னால் பணம் இருந்தது, ஜமீன் இருந்தது, வெள்ளைக்காரன் சட்டம் இருந்தது. இரண்டாவது காகிதத்தின் பின்னால் கூடியிருந்த மனிதர்களைத் தவிர வேறொன்றும் இல்லை. இதில் எது நிலைக்கும் என்று அன்றைக்கு விவரமான ஒருவரிடம் கேட்டிருந்தால், யோசிக்காமல் பத்திரத்தைக் காட்டியிருப்பார். தீர்மானத்தைப் பார்த்துச் சிரித்திருப்பார்.

எதிர்காலத்தைப் பற்றி நம்பிக்கையோடு இருக்கலாமா என்று மாணவிகள் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு காகிதங்களும்தான் நினைவுக்கு வருகின்றன. இருக்கலாம் என்பதே என் பதில். ஆனால் இன்றைக்குக் கடைகளில் விற்கும் நம்பிக்கையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நம் தோழர்கள் சிலர் அறிவாளித்தனம் என்று எண்ணிச் சுமந்துகொண்டிருக்கும் அவநம்பிக்கையையும் நான் ஏற்கவில்லை. இரண்டோடும் எனக்குச் சண்டை உண்டு.

முதலில் விற்பனைக்கு வரும் நம்பிக்கை. ஹான்ஸ் ரோஸ்லிங்கின் புத்தகமும் ஸ்டீவன் பிங்கரின் புத்தகமும் 2018இல் வெளிவந்தன. உலகம் நாம் நினைப்பதைவிட நன்றாக இருக்கிறது, வரைபடங்களைப் பாருங்கள் என்றன. பார்த்தேன். எண்கள் பொய்யில்லை. 1990இல் உலகில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 93 குழந்தைகள் ஐந்து வயதுக்குள் இறந்தன. 2022இல் அது 37. இந்தியாவில் 1997-98இல் லட்சம் பிரசவத்துக்கு 398 தாய்மார் இறந்தார்கள், 2018-20இல் 97. தமிழ்நாட்டில் அதே காலத்தில் 54. பிரசவத்துக்குப் போனவள் திரும்பி வருவாளா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வீடுகள் குறைந்திருக்கின்றன. இதைச் சாதாரணம் என்று சொல்லும் பெண்ணியம் எனக்கு வேண்டாம்.

ஆனால் அந்தக் கோடு தானாக இறங்கவில்லை. வெயிலில் ஊர் ஊராக நடந்த கிராம சுகாதாரச் செவிலியர் இறக்கிய கோடு அது. பதினாறு வயதில் கல்யாணம் வேண்டாம் என்று அழுது அடம்பிடித்த பெண்கள் இறக்கியது. 'என் மகள் ஆஸ்பத்திரியில்தான் பெறுவாள்' என்று மாமியாரை எதிர்த்து நின்ற அம்மாக்கள் இறக்கியது. வரைபடத்தில் இவர்கள் இருப்பதில்லை. ஆண்டும் புள்ளியும் மட்டும் இருக்கும். யார் செய்தார்கள் என்பதை எடுத்துவிட்டால் முன்னேற்றம் மழை மாதிரி ஆகிவிடும். அதற்காக யாரும் எதுவும் செய்ய வேண்டாம், குடையை மடக்கிவிட்டுக் காத்திருந்தால் போதும். இந்தக் காத்திருப்பைத்தான் நம் தலையில் கட்டுகிறார்கள்.

முன்னேற்றம் என்ற சொல் என்னவெல்லாம் செய்யும் என்று தெரிந்துகொள்ள மாஞ்சோலைக்கு வாருங்கள். 1929க்குப் பிறகு அங்கே காட்டை வெட்டித் தேயிலை நட்டார்கள். அதற்குப் பெயர் முன்னேற்றம். கீழே நிலமில்லாதவர்களை, பெரும்பாலும் தலித் குடும்பங்களை, மலைக்கு ஏற்றினார்கள். குளிரிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1952இல் சிங்கம்பட்டி ஜமீன் அரசின் கைக்குப் போனது, குத்தகை தொடர்ந்தது. 1988இல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் வந்தது. இப்போது அதே மலையில் தேயிலையை எடுத்துவிட்டுக் காட்டை மீட்பது முன்னேற்றம். 2024 ஜூன் நடுவில் வேலை நின்றது. விருப்ப ஓய்வு என்றார்கள். ஆகஸ்ட் 7க்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றார்கள்.

காடு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள் அப்படிச் சொல்ல மாட்டாள். நான் கேட்பது ஒன்றுதான்: காட்டை அழித்தது முன்னேற்றம் என்றபோதும் சுமந்தவள் அவள், காட்டை மீட்பது முன்னேற்றம் என்கிறபோதும் இறங்கிப் போக வேண்டியவள் அவளேதானா? எதிரெதிரான இரண்டு முன்னேற்றங்களுக்கும் ஒரே ஆள் விலை கொடுக்கிறாள் என்றால், தவறு காட்டிலும் இல்லை, தேயிலையிலும் இல்லை. கணக்கு எழுதுகிற கையில் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் சொத்துரிமைச் சட்டத்தைப் பற்றி வகுப்பில் பேசிக்கொண்டிருந்தேன். செங்கல்பட்டுத் தீர்மானம் வீண்போகவில்லை, அறுபது வருடம் கழித்து 1989இல் தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டமே வந்தது, 2005இல் அது நாட்டுக்கே சட்டமானது என்று பெருமையாகச் சொன்னேன். எஸ்டேட்டிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு பெண் எழுந்தாள்.

"பங்கு கேக்கதுக்கு எங்க அப்பாகிட்ட என்ன இருக்கு மிஸ்? எங்கம்மா வேலைய விட்டா எங்க வீடே எங்க வீடு இல்ல."

வகுப்பு அமைதியாகிவிட்டது. நானும்தான். அவள் கேட்டதில் கோபம்கூட இல்லை. ஒரு தகவலைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

1951ஆம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு கொடுக்கச் சொன்னது, மருத்துவம் கொடுக்கச் சொன்னது, ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வைக்கச் சொன்னது. அந்தக் காலத்துக்கு நல்ல சட்டம். ஆனால் அந்த வீடு வேலைக்குக் கொடுத்தது, ஆளுக்கு இல்லை. மூன்று தலைமுறையாக அதே லயன் வீட்டில் பிறந்து, பெற்று, செத்தாலும் அந்தச் சுவரில் ஒரு செங்கல்கூட அவளுடையது ஆகாது. மகளுக்குச் சொத்தில் பங்கு என்பது நம் பெண்ணியத்தின் பெரிய வெற்றி. சொத்து இல்லாதவன் மகளை அந்த வெற்றி தொடவே இல்லை என்பதையும் சேர்த்துத்தான் நாம் சொல்ல வேண்டும். சாதியை விட்டுவிட்டுப் பெண்ணின் முன்னேற்றத்தை அளந்தால், யாரிடம் ஏற்கெனவே நிலம் இருந்ததோ அவர்கள் மகள்களை மட்டும்தான் அளப்போம்.

இனி இரண்டாவது சண்டை. இதையெல்லாம் சொன்னதும் நம் தோழர்கள் தலையாட்டுவார்கள். 'பார்த்தீர்களா, எதுவும் மாறாது' என்பார்கள். கையோடு 1999 ஜூலை 23ஐ எடுத்து வைப்பார்கள். கூலி உயர்வும், சிறையிலிருந்த தோட்டத் தொழிலாளர்களின் விடுதலையும் கேட்டு நெல்லையில் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. ஆற்றுக்குள் விரட்டப்பட்டவர்களில் 17 பேர் இறந்தார்கள். அதில் பெண்கள் இருவர், கைக்குழந்தை ஒன்று. ஆர்.ஆர். சீனிவாசன் எடுத்த 'நதியின் மரணம்' ஆவணப்படத்தைப் பார்த்த எவராலும் அந்த நாளை மறக்க முடியாது. ஒவ்வொரு ஜூலை 23 அன்றும் தாமிரபரணியில் மலர் தூவுகிறார்கள். கட்சிகள் வருகின்றன, போகின்றன.

ஆனால் அந்த ஊர்வலத்துக்கு வந்த பெண்கள் எதுவும் மாறாது என்று நம்பியா வந்தார்கள்? இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி ஊர்வலத்துக்கு வருகிறாள் என்றால், அந்தக் குழந்தையின் நாளை இன்றைவிட வேறாக இருக்கும் என்று நினைத்துத்தான் வருகிறாள். அவர்களுடைய சாவை எடுத்து நம் அவநம்பிக்கைக்குச் சான்றாக வைப்பது, அவர்கள் எதற்காக வந்தார்களோ அதையே மறுப்பது. அவநம்பிக்கையோடு இருந்தும் சம்பளம் வரும், வீடு இருக்கும் என்கிறவர்களால்தான் அவநம்பிக்கையோடு இருக்க முடிகிறது. கொழுந்து பறித்த கையால் மகளின் விடுதிக் கட்டணத்தை எண்ணிக் கொடுத்தவளுக்கு அந்த வசதி இல்லை. அவளுக்கு உறுதி எதுவும் இருக்கவில்லை. இருந்தும் கொடுத்தாள். அவள் மகள்தான் என் வகுப்பில் எழுந்து நின்று என்னைத் திருத்தியவள்.

மலைக்கு அந்தப் பக்கத்தையும் பாருங்கள். 2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலைத் தோட்டப் பெண்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். 20 சதவீதமாக இருந்த போனஸைப் பாதியாகக் குறைத்ததுதான் உடனடிக் காரணம். கம்பெனியை மட்டும் எதிர்க்கவில்லை. தங்கள் பெயரில் பேசிவந்த தொழிற்சங்கங்களின் ஆண் தலைவர்களையும் பக்கத்தில் வரவிடவில்லை. 'பெண்கள் ஒற்றுமை' என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒன்பது நாளில் 20 சதவீதத்தைத் திரும்ப வாங்கினார்கள். அதற்கு முந்தின மாதம் வந்து அவர்கள் ஜெயிப்பார்களா என்று ஒரு நிபுணரைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? 1929இல் அந்த விவரமானவர் சொல்லியிருக்கக்கூடியதையே சொல்லியிருப்பார்.

அதோடு கதை சுபமாக முடிந்துவிடவில்லை. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு அதே மூணாறு மலையில், பெட்டிமுடியில், மண் சரிந்து லயன் வீடுகளை மூடியது. 70 பேர் போனார்கள். கூலியைப் போராடி ஏற்றலாம். நிலம் சொந்தமாக இல்லாதவரை, எங்கே படுத்துத் தூங்குவது என்பதை அவள் தீர்மானிக்க முடியாது. ஆகவே அடுத்த கோரிக்கை எது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நிலம், அதுவும் அவள் பெயரில்.

இது ஆகாத காரியமா? 2006ஆம் வருட வன உரிமைச் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. கல்யாணமானவர்களுக்குக் கொடுக்கும் உரிமைப் பட்டாவைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிய வேண்டும். அந்தச் சட்டம் தேயிலைத் தொழிலாளருக்குப் பொருந்துமா என்பதை வழக்காடுகிறவர்கள் பார்க்கட்டும். நான் சுட்டுவது அந்த வரியை மட்டும். மனைவியின் பெயரும் பத்திரத்தில் இருக்க வேண்டும் என்பதை இந்த நாடு ஒருமுறை எழுதிவிட்டது. ஒருமுறை எழுதியதை இன்னொருமுறை எழுதலாம்.

தோட்டத்தை அரசின் டான்டீயே ஏற்று நடத்தட்டும் என்று மாஞ்சோலைக்காரர்கள் கேட்டார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 டிசம்பரில் அதற்கு இணங்கவில்லை; மறுவாழ்வுக்கு வழி செய்யும்படி அரசுக்குச் சொன்னது. மறுவாழ்வு என்றால் என்ன? அடிவாரத்தில் ஒரு வீட்டுச் சாவியா? அந்தச் சாவி யார் கையில்? வீடு புருஷன் பெயரிலா? விதவைக்கு, தனித்து வாழ்கிறவளுக்கு, மகன் வீட்டில் ஒண்டியிருக்கும் ஓய்வுபெற்ற கிழவிக்கு எங்கே இடம்? ஐம்பது வயதில் கொழுந்து பறிப்பதைத் தவிர வேறு வேலை அறியாதவளுக்குக் கீழே என்ன கூலி? வீட்டை எண்ணுகிற அரசு இந்தக் கேள்விகளை எண்ணுவதில்லை. நாம்தான் எண்ண வைக்க வேண்டும்.

நம்பிக்கை என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: இன்னும் நடக்காத ஒன்றை, நடக்க வேண்டியது என்று எழுதி எல்லாரும் பார்க்க வைப்பது. செங்கல்பட்டில் செய்தது அதுதான். அந்தத் தீர்மானம் சட்டமாக அறுபது வருடம் ஆனது. தீர்மானம் போட்டவர்களில் பலர் அதைப் பார்க்கவில்லை. வந்த சட்டமும் முழுசாக வரவில்லை. 1989 மார்ச்சுக்கு முன்பே கல்யாணமான மகள்களை அது வெளியே நிறுத்தியது. அவர்களை உள்ளே விட இன்னும் பதினாறு வருடம். இவ்வளவு மெதுவாகத்தான் வந்தது, இவ்வளவு குறையோடுதான் வந்தது. ஆனால் வந்தது. வந்ததற்குக் காரணம் காலம் இல்லை. காலம் மட்டும் போதுமென்றால் 99 வருடத்தில் மாஞ்சோலைப் பெண்ணுக்கு ஒரு சென்ட்டாவது கிடைத்திருக்க வேண்டும்.

2028இல் அந்த முதல் காகிதம் காலாவதியாகிறது. அதைப் பார்த்து நிலைக்கும் என்று சொன்ன விவரமானவர்கள் தோற்றுப்போகிறார்கள். காடு காட்டிடம் போகட்டும். அந்த மலையில் மூன்று தலைமுறை உழைத்தவளுக்கு, அவள் பெயர் மட்டும் போட்ட ஒரு மூன்றாவது காகிதம் வேண்டும். அதை அரசு எழுதுவதற்கு முன் நாம் எழுதி வைக்க வேண்டும்: கல்லூரிக் கூட்டங்களில், மகளிர் சங்கத் தீர்மானங்களில், மனுக்களில். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். 1929லும் சிரித்திருப்பார்கள்.