எந்தப் பக்கம் புரண்டால் சுற்றுகிறது?



என் பெரியக்கா ஒருநாள் விடியற்காலையில் வலப்பக்கம் புரண்டு படுத்ததும், அறையே கரகரவென்று சுழன்றதாம். கட்டில் சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். அரை நிமிடத்தில் அடங்கிவிட்டது. வீட்டில் எல்லோரும் பித்தம் என்றார்கள். இஞ்சிச் சாறு வந்தது. முதலில் பார்த்த மருத்துவரிடம் அக்கா "மயக்கம் வருது" என்று சொல்ல, பிரஷர், சர்க்கரை, இ.சி.ஜி., கடைசியில் தலைக்கு ஸ்கேன். எல்லாம் நார்மல். மூன்று வாரம் மாத்திரை சாப்பிட்டும் சுற்றல் நிற்கவில்லை.

அந்த மருத்துவரையும் குறை சொல்ல முடியாது. நினைவு தப்பினாலும் மயக்கம், கண் இருட்டினாலும் மயக்கம், பசித்தாலும் மயக்கம். நம் பேச்சில் அந்த ஒரு சொல் படும் பாடு!

பிறகு பார்த்த காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒரு கேள்வித்தாளை நீட்டினார். படுக்கையில் புரளும்போது வருகிறதா? அண்ணாந்தால்? குனிந்தால்? சில வினாடிகளா, மணிக்கணக்கா? காதில் இரைச்சல் உண்டா? அக்கா எழுதி முடிப்பதற்குள் மருத்துவருக்குப் பாதி விளங்கிவிட்டது.

அவர் விளக்கியது இதுதான்: உட்காதில் கால்சியம் கார்பனேட் துகள்கள் இருக்கின்றன. அவை இடம்பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிட்டால், தலை அசையும்போதெல்லாம் அங்குள்ள நீரைக் கலக்கும். உடம்பு சும்மா கிடக்க, மூளைக்கு மட்டும் 'சுற்றுகிறேன்' என்று செய்தி போகும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் ஓய்ந்துவிடும்.

இப்படிக் கேள்வி கேட்கும் வழக்கம் புதிதல்ல. 1990-இல் ஜேக்கப்சன், நியூமன் என்ற ஆய்வாளர்கள் தலைசுற்றலுக்கு 25 கேள்விகள் கொண்ட தாள் ஒன்றை வெளியிட்டார்கள். புரளுதல், எழுந்திருத்தல், குனிதல், அண்ணாத்தல் போன்ற ஐந்து கேள்விகளே துகள் இடம்பெயரும் இந்த நோய்க்கு நல்ல துப்பு என்று பின்னால் தெரிந்தது. அதே தாளில், சூப்பர் மார்க்கெட் அலமாரிகளுக்கிடையே நடந்தால் கூடுகிறதா என்றும் ஒரு கேள்வி உண்டு. எங்கள் ஊர்ப் பாட்டியிடம் அதைக் கேட்டு என்ன பயன்? கொடியில் துணி போடும்போது வருகிறதா, பரணிலிருந்து பாத்திரம் எடுக்கும்போது வருகிறதா என்று கேட்டால் பதில் வரும்.

தாளை வைத்தே நோயை உறுதி செய்துவிட முடியாது. தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்து, விழி தானாகத் துள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும். டிக்ஸ், ஹால்பைக் என்ற மருத்துவர்கள் 1952-இல் எழுதிவைத்த சோதனை அது. அக்காவுக்கு வலப்பக்கம் சாய்த்ததும் விழி துள்ளியது. மருத்துவர் அவர் தலையைப் படிப்படியாகத் திருப்பி, துகள்களைக் குழாயிலிருந்து வெளியேற்றினார். மாத்திரை எதுவும் எழுதவில்லை.

சுற்றலோடு பேச்சு குழறினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, கை கால் மரத்தாலோ, நிற்கவே முடியாவிட்டாலோ, தாளைத் தேடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மற்றவர்கள் மருத்துவரிடம் போகுமுன், எந்தப் பக்கம் புரண்டால் வருகிறது, எத்தனை வினாடி இருக்கிறது என்று ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு போங்கள். 'மயக்கம்' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்