பழமும் சாறும்

ஈரல் கெடுவது குடிகாரர்க்கு மட்டுமே என்னும் எண்ணம் நம் ஜனங்களிடையே வேரூன்றியிருக்கிறது. சாராயக்கடையும் கள்ளுக்கடையும் சர்க்கார் அனுமதியோடு நடைபெறும் புதுச்சேரியில் அவ்வெண்ணம் பரவியிருப்பதில் வியப்பில்லை. ஆயினும், மதுவைத் தீண்டியறியாத வில்லியனூர் மாதர்க்கும் பாகூர்க் குடியானவர்க்கும் ஈரலில் கொழுப்புச் சேரும் வியாதி வரக்கூடும். இந்திய சர்க்கார் 2021-ம் வருஷத்திலேயே இதைத் தேசிய நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்திருக்கின்றனர். ஆரம்பத்தில் வலியின்றி வளரும் இவ்வியாதி, கவனியாது விட்டால் சிலர்க்கு ஈரலையே சுருக்கிவிடும். காலத்தில் அறிந்து தேகபாரத்தைக் குறைத்தால் பெரும்பாலும் தணியும்.

உடற்பருமன், நீரிழிவு, உழைப்பின்மை ஆகிய காரணங்களோடு, நாம் குடிக்கும் சர்க்கரையும் இதற்குத் துணை செய்கிறது. பிரக்டோஸ் எனும் பழச்சர்க்கரையின் பெரும்பகுதியைக் கையாளுவது ஈரலே. மிகுதியாக ஒரே வேளையில் வந்து சேர்ந்தால், ஈரல் அதில் ஒரு பகுதியைக் கொழுப்பாக மாற்றுகிறது. முழுப் பழத்திலோ, நாரும் மெல்லும் வேலையும் வேகத்தைத் தடுக்கின்றன. ஒரு சாத்துக்குடியைத் தின்றவர் போதுமென்பார். நான்கைப் பிழிந்தாலோ இரண்டு நிமிஷத்தில் குடித்து முடிப்பார். ஆகவே நாம் பழத்தைப் பழிக்கவில்லை. உலக சுகாதார ஸ்தாபனமும் 2015-ல் பழச்சாற்றின் சர்க்கரையைக் குறைக்க வேண்டியவற்றுள் சேர்த்து, முழுப் பழத்தை விலக்கிவிட்டது.

அன்னியப் புட்டிப் பானங்களைக் கண்டிக்கும் அன்பர்கள், "கரும்புச்சாறு நம் மண்ணின் செல்வமாயிற்றே" என்பார்கள். சுதேசிப் பற்றில் நாமும் பின்வாங்கோம். ஆனால் ஈரல், சர்க்கரையின் ஜன்மபூமியை விசாரிப்பதில்லை. ஹைதராபாத்திலுள்ள தேசியப் போஷாக்கு நிலையம் 2024-ல் வெளியிட்ட உணவு நெறிகளின்படி, 100 மில்லி கரும்புச்சாற்றில் 13 முதல் 15 கிராம் சர்க்கரை உண்டு. வயது வந்தவர்க்குச் சேர்க்கைச் சர்க்கரை நாளொன்றுக்கு 30 கிராமுக்கு மேல் ஆகாது. 250 மில்லி கொண்ட ஒரே தம்ளர் அவ்வளவைத் தாண்டிவிடுகிறது!

கரும்பு விளைவிப்போர் பிழைப்பையும், சாறு பிழிவோர் பிழைப்பையும் கெடுப்பது நம் நோக்கமன்று. என்றோ ஒருநாள் அருந்துவதால் கேடு வந்துவிடாது. நாள்தோறும் அருந்தும் வழக்கமே கூடாதென்கிறோம். வில்லியனூர் வைகாசித் தேரின் வெயிலுக்கு நீர்மோரும் இளநீரும் போதாவோ? குழந்தைக்குச் சாற்றுப் புட்டி வாங்கும் காசில் கொய்யாவும் வாழைப்பழமும் வாங்கித் தரலாகாதோ?

சர்க்காருக்கும் ஒரு கடமையுண்டு. கிராம ஆரோக்கிய நிலையங்களில் நீரிழிவும் பருமனும் உள்ளோர்க்கு, குடிப்பழக்கம் இல்லாவிடினும், ஈரலைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்யவேண்டும். "குடித்தாயோ?" என்னும் அபவாதத்துக்கு அஞ்சி எந்தச் சகோதரியும் தன் நோயை மறைக்கும் நிலை இருத்தலாகாது. மதுவை விலக்கியதோடு கடமை முடிந்ததென மகிழும் குடும்பங்கள், தம் வீட்டுத் தம்ளரையும் சற்றே உற்றுநோக்கும்படி வேண்டிக்கொள்ளுகிறோம்.