சதுரங்கப் பலகை: எதிரே அமர்ந்திருப்பவர் யார்?

மேல்நாடுகளில் நடைபெறும் திறந்த சதுரங்கப் போட்டிகளுக்குத் தம் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் நம்மவரில் இன்று பலர் உளர். மண்டபத்துச் சுவரில் ஒட்டப்படும் பட்டியலை அவர்கள் நன்கறிவர். எந்த மேசை, எதிராளி யார், எந்த நாட்டவர், அவருடைய தரப்புள்ளி எத்தனை என்பதெல்லாம் அதில் இருக்கும். சுவிஸ் முறை எனப்படும் ஏற்பாட்டின்படி, ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழச் சமமான புள்ளி எடுத்தவர்கள் எதிரெதிரே அமர்த்தப்படுகிறார்கள். ஆகையால் பள்ளி மாணவன் ஒருவன் பெரிய ஆட்டக்காரரோடு மோத நேர்வது அபூர்வமன்று. அப்படிப்பட்ட பட்டியலில் 'ஹபு, ஜப்பான்' என்ற பெயர் இருந்தால் பலர் அதைச் சாதாரணமாகப் படித்துவிட்டு மேசையைத் தேடிப் போய்விடுவார்கள். தரப்புள்ளி 2400ஐ ஒட்டி இருப்பதைக் கண்டு சிலர் சற்று எச்சரிக்கையாவார்கள். அவ்வளவுதான்.

பக்கத்தில் ஒரு ஜப்பானியர் நின்றிருந்தால் விஷயம் வேறு. அவர் அந்தப் பெயரைப் பார்த்ததும் திகைத்துப்போவார்.

யோஷிஹாரு ஹபு, ஜப்பானியரின் சதுரங்கமாகிய 'ஷோகி'யில் தலைசிறந்தவர்களுள் ஒருவர். 1970ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் தேதி பிறந்த இவர், 1985இல் தமது 15ஆம் வயதிலேயே தொழில்முறை ஆட்டக்காரரானார். 1989இல், 19 வயதில், 'ரியூஓ' என்னும் பெரும் பட்டத்தைக் கைப்பற்றினார். அக்காலத்தில் ஷோகியில் ஏழு பெரும் பட்டங்கள் இருந்தன. 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் தேதி அந்த ஏழும் ஒரே சமயத்தில் இவரிடம் இருந்தன. அதற்கு முன் எவரும் அதைச் செய்ததில்லை. சில மாதங்களிலேயே ஒரு பட்டம் கைநழுவியது என்றாலும், அந்த நாள் ஜப்பானில் நாடெங்கும் செய்தியாயிற்று. ஷோகி ஆடத் தெரியாத பாட்டிமார் கூட அவர் முகத்தை அறிவர்.

ஜப்பானில் அவர் ஆடும் இடத்தைச் சிறிது கற்பனை செய்து பார்க்க வேண்டும். பெரும் பட்டத்துக்கான ஆட்டம் பெரும்பாலும் பழைமை வாய்ந்த விடுதியொன்றில், பாய் விரித்த அறையில் நடக்கிறது. இருவரும் மரபு உடை தரித்துப் பலகைக்கு இருபுறமும் மண்டியிட்டு அமர்கிறார்கள். பட்டத்துக்குரியவருக்கு அறையின் மேலிடம். பெட்டியைத் திறந்து முதற்காயை எடுத்து வைப்பதும் அவரே. சில பட்டங்களுக்கு ஓர் ஆட்டமே இரண்டு நாள் நீளும். ஒருவருக்கு 8 அல்லது 9 மணி நேரம். முதல் நாள் முடிவில், அடுத்து வைக்கப்போகும் காயை ஒருவர் எழுதி உறையில் இட்டு முத்திரையிடுவார். மறுநாட்காலை அது பிரிக்கப்படும். நகர்த்தல்களைக் குறித்துக்கொள்ளத் தனியே ஓர் இளைஞர் அமர்ந்திருப்பார். ஆடுபவர் மத்தியானம் என்ன சாப்பிட்டார், மாலையில் என்ன பலகாரம் வந்தது என்பது வரை செய்தியாகும்!

அத்தகையவர், ஜப்பானில் தமக்குக் கிடைத்த ஓய்வு நாட்களில், மேல்நாட்டுச் சதுரங்கத்தைக் கற்கத் தொடங்கினார். வெளிநாட்டுத் திறந்த போட்டிகளுக்குத் தாமே கட்டணம் கட்டிப் பெயர் கொடுக்கும் நூற்றுக்கணக்கானவர்களுள் ஒருவராகவும் போய் அமர்ந்தார். அங்கே மேலிடமும் இல்லை, கீழிடமும் இல்லை. சுருட்டி வைக்கும் பலகை, பிளாஸ்டிக் காய்கள், மடக்கு நாற்காலி. எதிராளியுடன் கைகுலுக்கிவிட்டு, கடிகாரத்தை அழுத்தி, தம் நகர்த்தலைத் தாமே தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். அந்த உலகில் அவர் பெற்றது 'ஃபிடே மாஸ்டர்' பட்டம். அது கிராண்ட்மாஸ்டருக்கு இரண்டு படி கீழே. சொந்த ஆட்டத்தில் மலையுச்சியில் நின்றவர், இன்னோர் ஆட்டத்தில் பாதி மலை ஏறியவராக எண்ணப்படச் சம்மதித்தார்.

நம்மவர்க்கு இது ஓரளவு விளங்கும். ஊரில் தலைமையாசிரியராகவும் பொறியியலாளராகவும் இருந்து, வந்த நாட்டில் இளைஞர்களோடு மொழி வகுப்பின் முதல் வாங்கில் அமர்ந்த பெரியவர்கள் சங்கத்திலேயே பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. ஹபுவுக்கு இருந்தது. ஜப்பானை விட்டு நகராமலே புகழோடு இருந்திருக்கலாம்.

ஒன்று தெரிந்தவர்க்கு மற்றது எளிது என்று நினைப்பவர்கள் உண்டு. அது முழு உண்மையன்று. ஷோகிப் பலகையில் 81 கட்டங்கள்; ஒருவருக்கு 20 காய்கள். காய்கள் தட்டையான ஐங்கோண மரத் துண்டுகள். இரு பக்கத்துக்கும் ஒரே நிறம். கூர்முனை எந்தப் பக்கம் நோக்குகிறதோ அதைக் கொண்டே யாருடையது என்று அறிய வேண்டும். காரணம் இருக்கிறது. ஷோகியில் வெட்டப்பட்ட காய் பெட்டிக்குள் போவதில்லை. வெட்டியவர் அதைக் கையில் வைத்திருந்து, வேண்டிய தருணத்தில் தம் படையாகத் திரும்பப் பலகையில் இறக்கலாம். ஆகவே ஆட்டம் முடிவை நெருங்க நெருங்கப் பலகை காலியாவதில்லை, சூடேறுகிறது. சமநிலையில் முடியும் ஆட்டங்கள் மிகக் குறைவு.

மேல்நாட்டுச் சதுரங்கமோ இதற்கு நேர்மாறு. காய்கள் குறைந்துகொண்டே போகும். கடைசியில் ஒரு ராஜாவும் ஒரு சிப்பாயும் மிஞ்சிய நிலையிலும் மணிக்கணக்கில் ஆட வேண்டும். பெரிய ஆட்டக்காரர்களிடையே சமநிலை சர்வசாதாரணம். ஷோகிக்காரருக்குக் கணக்குப் போடும் வேகம் உதவும். ஆனால், பாதிப் புள்ளியோடு திருப்தியடைந்து எழுந்திருக்கும் மனநிலையையும் காலிப் பலகையின் நுட்பங்களையும் அவர் புதிதாகப் படிக்க வேண்டும்.

வெட்டிய காயை மீண்டும் இறக்குவது பற்றி ஜப்பானில் ஒரு கதை வழங்குகிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்து, அமெரிக்கப் படையினரின் ஆட்சியில் நாடு இருந்த காலம். கைதிகளைத் தன் படையில் சேர்த்துக்கொள்ளும் இந்த ஆட்டம் கைதிகளை வதைப்பது போன்றதன்றோ என்று அதிகாரிகள் கேட்டார்களாம். மசுதா கோசோ என்ற ஷோகி வல்லுநர், 'உங்கள் ஆட்டத்தில்தான் பிடிபட்டவன் மாண்டுபோகிறான். எங்கள் ஆட்டத்தில் அவனுக்குப் பழைய பதவியே கொடுத்து வேலை தருகிறோம்' என்ற கருத்தில் விடை சொன்னாராம். மசுதா தாமே பிற்காலத்தில் சொன்ன கதை இது. சற்று மெருகு ஏறியிருக்கக்கூடும்.

இவ்விரு ஆட்டங்களுக்கும் தாய் ஒன்றே. பாரத நாட்டின் சதுரங்கம், அதாவது யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நாற்படை, மேற்கே பாரசீகம் வழியாகச் சென்று ஐரோப்பியச் சதுரங்கமாயிற்று. கிழக்கே சென்ற கிளை ஜப்பானை எவ்வழியாக அடைந்தது என்பதில் அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். ஆயினும் சில தடயங்கள் அழியவில்லை. நாரா நகரின் கோஃபுகுஜி பௌத்த ஆலய வளாகத்தில் 1058ஆம் ஆண்டைச் சேர்ந்த ஷோகிக் காய்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. ஆலயங்களுக்கும் இந்த ஆட்டத்துக்கும் அவ்வளவு பழைய உறவு.

இன்னொரு தடயம் யானையின் காலடி. 11ஆம் நூற்றாண்டில் பாரதத்தைப் பற்றி எழுதிய அறிஞர் அல்பிரூனி, இங்கு ஆடப்பட்ட சதுரங்கத்தில் யானை ஒரு கட்டம் நேர் முன்னேயோ, நான்கு மூலைத் திசைகளில் ஒரு கட்டமோ நகரும் என்றும், முன்னே போவது தும்பிக்கை, மற்ற நான்கும் கால்கள் என்றும் விளக்குகிறார். ஷோகியில் 'வெள்ளிச் சேனாபதி' என்றொரு காய் உண்டு. பெயர் மாறிவிட்டது, யானை உருவமும் இல்லை. ஆனால் நடை அதே நடை: தும்பிக்கை ஒன்று, கால்கள் நான்கு. ஐரோப்பா சென்ற சதுரங்கத்தில் அந்த நடை மறைந்தே போயிற்று. ஆக, ஹபு மேல்நாட்டுப் பலகையின் முன் அமர்ந்தபோது, நெடுங்காலம் பிரிந்திருந்த தாயாதி வீட்டில் கால் வைத்தார் என்று சொல்லலாம்.

திருவாரூர் மாவட்டத்தில் நீடாமங்கலத்தை அடுத்துள்ள பூவனூர்த் தலத்தை யாத்திரை சென்ற அன்பர்கள் அறிவர். அப்பர் சுவாமிகளின் பாடல் பெற்ற தலம். இறைவன் திருநாமம் சதுரங்க வல்லபநாதர். சதுரங்கத்தில் எவராலும் வெல்ல முடியாதிருந்த இராஜராஜேஸ்வரியைச் சித்தர் வடிவில் வந்து ஆடி வென்று மணந்தார் என்பது தலபுராணம். வந்தவர் யார் என்று ஆட்டம் தொடங்கும்போது அங்கிருந்த எவரும் அறியவில்லை.

ஹபுவின் கதையில் அப்படி வெற்றியோடு முடிவு வரவில்லை. 2014ஆம் ஆண்டு நவம்பரில் தோக்கியோவில், முன்னாள் உலகச் சாம்பியன் காஸ்பரோவுடன் மேல்நாட்டுச் சதுரங்கத்தில் இரண்டு ஆட்டங்கள் ஆடினார். இரண்டிலும் தோற்றார். ஜப்பானியர் பார்த்துக்கொண்டிருக்க, தம் சொந்த ஊரில், தம்முடையதல்லாத ஆட்டத்தில்! ஷோகியில் ஏழு பட்டங்களையும் தம்மிடம் வைத்திருந்த ஒருவருக்கு இதில் கிடைக்கக்கூடிய புதிய புகழ் சொற்பம், இழக்கக்கூடியது அதிகம். அதைக் கணக்கிடத் தெரியாதவரல்லர் அவர்.

அதன் பின்பும் ஷோகியில் அவர் சோர்ந்துவிடவில்லை. 2017 டிசம்பரில், ஏழு பெரும் பட்டங்களிலும் வாழ்நாள் உரிமை பெற்ற முதல்வரானார். மறு ஆண்டு ஜப்பானிய அரசு தேசிய கௌரவ விருது வழங்கியது. அந்த 2018 டிசம்பரிலேயே, 99 முறை பட்டம் வென்றிருந்த அவர், கையிலிருந்த கடைசிப் பட்டத்தையும் இழந்தார். 2023இல் 52 வயதில் இளைஞர் சோதா ஃபுஜியைப் பட்டப் போட்டியில் எதிர்த்து நின்று 4-2 என்ற கணக்கில் தோற்றார்.

போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி பயன்படும். ஷோகியில் தோற்பவர், 'தோற்றுவிட்டேன்' என்று வாய் திறந்து சொல்லித் தலை வணங்க வேண்டும். எழுந்து ஓடிவிட முடியாது. பின்னர் இருவரும் அதே பலகையில் ஆட்டத்தைத் தொடக்கத்திலிருந்து வைத்துப் பார்த்து, எங்கே பிசகியது என்று பேசுவர். மேல்நாட்டுப் போட்டிகளிலும் இவ்வழக்கம் உண்டு; நம் பிள்ளைகள் பலர் தோற்ற வருத்தத்தில் அதைத் தவறவிட்டு, தாயார் கொண்டுவந்த சாப்பாட்டுப் பெட்டியைத் தேடிப் போய்விடுகிறார்கள். எதிரே இருப்பவரிடம் இரண்டு வார்த்தை பேசக் கிடைக்கும் நேரம் அதுதான்.

எதிர்த் திசையிலும் ஒருவர் பயணம் செய்திருக்கிறார். போலந்து நாட்டுப் பெண் கரோலினா ஸ்டிச்சின்ஸ்கா, ஜப்பானியச் சித்திரக் கதையொன்றின் வழியாக ஷோகியை அறிந்து, பின்னர் ஜப்பானுக்கே சென்று குடியேறி, 2017இல் முழுத் தகுதி பெற்ற பெண் தொழில்முறை ஆட்டக்காரரானார். ஜப்பானியரல்லாதவர்களுள் அந்நிலையை எட்டிய முதல்வர் அவரே.